படகுக்கு ஒரு காது

சென்ற மாதக் கூட்டம் முடிந்து காப்பி அருந்திக் கொண்டிருந்தபோது, நமது ஆசிரியர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஊருக்குப் போய் வந்தீரே, அதைப் பற்றி நம் பத்திரிகைக்கு ஏதேனும் எழுதக் கூடாதா?" என்று கேட்டார். ஊர் சென்று திரும்பிய அன்பர்கள் பலர் இப்பக்கங்களில் எழுதியிருக்கிறார்கள். கோயில் தரிசனம், கல்யாணம், காணி வழக்கு என்று அவர்களுக்குச் சொல்ல விஷயங்கள் உண்டு. எனக்கோ, பதினைந்து நாள் விடுமுறையில் பெரும்பகுதி ஒரு சிறு படகின் பின்பலகையில், உள்ளங்கையில் அடங்கும் ஒரு கறுப்புக் கட்டியைப் பொருத்துவதிலேயே போய்விட்டது. அதைத் தவிர எழுத வேறொன்றும் இல்லை. ஆகவே அதையே எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சில வார்த்தைகள். திருச்செந்தூருக்குத் தெற்கே, மணப்பாட்டுக்கு அருகிலுள்ள ஒரு கடற்கரைச் சிற்றூர் எனது பிறப்பிடம். மெட்ரிகுலேஷன் தேறியதும் ரெயில்வேயில் கடைநிலை ஊழியனாகச் சேர்ந்து, பிறகு இலாகாத் தேர்வு எழுதி, இங்கே நாகபுரியில் பார்சல் ஆபீஸ் குமாஸ்தாவாக இருக்கிறேன். கடலைக் காண வேண்டுமானால் எத்திசையிலும் நெடுந்தூரம் போகவேண்டிய ஊர் இது. என் மகனுக்கு ஏழு வயது. "அப்பா, பெரியப்பாவின் கடல் அம்பாசரி ஏரியைவிடப் பெரிதா?" என்று அவன் ஒருநாள் கேட்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, அதற்குப் பிறகு சிறிது வருத்தமும் வந்தது.

ஊரில் இருப்பவர் என் அண்ணன். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். ஏழாம் வகுப்போடு அவர் படிப்பை நிறுத்திக்கொண்டு அப்பாவோடு கடலுக்குப் போனதால்தான், நான் பள்ளிக்கூடத்தை முடிக்க முடிந்தது. அதை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. வீட்டுக்கு வரும் எந்தக் காகிதத்தையும், அது பாங்கிக் கடிதமானாலும் மருந்துச் சீட்டானாலும், "தம்பி வரட்டும், அவன் படித்துச் சொல்லட்டும்" என்று எடுத்து வைத்துவிடுவார். அவ்வளவு நம்பிக்கை.

தை மாதக் கடைசியில் அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. "எக்கோ வாங்கியிருக்கிறேன். கூட ஒரு புத்தகம் இருக்கிறது. முழுக்க இங்கிலீஷ். நீ வந்துதான் மாட்ட வேண்டும்" என்றார். விலை 32,000 ரூபாய். மதினியின் சங்கிலியை அடகு வைத்து வாங்கியது என்பதைப் பின்னால் மதினியிடமிருந்து அறிந்தேன்.

எக்கோ என்று எங்கள் பக்கத்து மீனவர்கள் சொல்வது, நீருக்குள் ஒலியை அனுப்பி அதன் எதிரொலியைக் கொண்டு ஆழத்தையும் மீனையும் காட்டும் கருவியை. அதற்கு இரண்டு உறுப்புகள் உண்டு. ஒன்று, படகுக்குள் இருக்கும் சிறு திரை. மற்றொன்று டிரான்ஸ்டியூசர் எனப்படும் கறுப்புக் கட்டி. அது நீரில் அமிழ்ந்திருக்க வேண்டும். அண்ணன் முதல் நாளே இதற்குக் 'காது' என்று பெயர் வைத்துவிட்டார். உண்மையில் அது வாயும் காதும் ஒருங்கே அமைந்தது. மின்சாரம் பாய்ந்தால் அதனுள்ளிருக்கும் வில்லை அதிர்ந்து, மனிதச் செவிக்கு எட்டாத ஒலியைக் கீழ்நோக்கி அனுப்புகிறது. அவ்வொலி கடலடியில் பட்டுத் திரும்பி வந்து அதே வில்லையை அதிரச் செய்யும்போது மீண்டும் மின்சாரம் பிறக்கிறது. கடல்நீரில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் செல்லும். 30 மீட்டர் ஆழத்துக்குப் போய்வர அதற்கு ஒரு வினாடியில் 25-ல் ஒரு பங்கு நேரம்தான் ஆகும். அந்த நேரத்தைக் கணக்கிட்டே கருவி ஆழத்தைச் சொல்கிறது.

சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்பதை 1880-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டில் கண்டறிந்தவர்கள் ஜாக் கியூரி, பியேர் கியூரி என்னும் சகோதரர்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிப்பதற்காக அந்தத் தத்துவத்தைக் கையாண்டவர் லாஞ்செவின் என்ற விஞ்ஞானி. மீன்பிடிக்கும் தொழிலுக்கு ஏற்ற கருவியாக அதனை 1948-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தவர்கள், ஜப்பானில் நாகசாகிப் பக்கத்தைச் சேர்ந்த புருனோ சகோதரர்கள். தொடக்கத்திலும் சகோதரர்கள், முடிவிலும் சகோதரர்கள். ரெயிலில் போகும்போது இதையெல்லாம் படித்து எனக்குள் ஒரு பெருமிதம் உண்டாயிற்று. அடுத்த சகோதரர்கள் நாங்கள்தாம் என்று எண்ணிக்கொண்டேன்.

அப்பா காலத்தில் கருவி ஏது? கயிற்றின் நுனியில் ஈயக்குண்டைக் கட்டிக் கடலில் இறக்கி, கைகளை விரித்து அளந்து, இத்தனை பாகம் என்பார். இரு கைகளையும் விரித்த அளவு ஒரு பாகம், ஆறடி. குண்டின் அடியில் சிறிது கொழுப்பைத் தடவி வைத்திருப்பார். அதில் மணல் ஒட்டி வந்தால் ஒரு முடிவு, சேறு ஒட்டி வந்தால் வேறு முடிவு. ஒன்றும் ஒட்டாமல் கீறலோடு வந்தால் கீழே பார், அதாவது கடலடிப் பாறை. திருச்செந்தூர்க் கோபுரத்தையும் மணப்பாட்டு மேட்டுக் கோவிலையும் கண்ணால் கோடு போட்டுப் பார்த்து, இன்ன பாருக்கு மேல் இருக்கிறோம் என்று சொல்வார். சில இரவுகளில் துடுப்பை நீரில் இறக்கி அதன் காம்பில் காதை வைத்துக் கேட்பார். கத்தாழை மீன் கூட்டமாகச் சேர்ந்தால் சத்தமிடும். அது துடுப்பின் வழியாக ஏறி வரும். சிறுவனாக இருந்தபோது நானும் காதை வைத்திருக்கிறேன். எனக்குத் தண்ணீரின் இரைச்சல்தான் கேட்டது. அண்ணனுக்கு மீன் கேட்டது.

மாசி மாதம் முதல் வாரம் சென்னை வந்து வண்டி மாறித் திருச்செந்தூரில் இறங்கினேன். கடல் குளத்தைப் போலக் கிடந்தது. படகு கரையில் மணல்மேல் இருந்தது. பைபர் படகு, 28 அடி. பின்னே 10 குதிரைச் சக்தியுள்ள வெளிப்பொருத்து எஞ்சின். அப்பாவின் கட்டுமரத்துக்கும் அதன்பின் வந்த பலகை வள்ளத்துக்கும் அடுத்த தலைமுறை அது. எங்கள் குடும்பத்தில் ஐந்து வயிறுகள் அதை நம்பி இருக்கின்றன. அதன் மேல் துளையிடும் உரிமையை அண்ணன் என் கையில் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்து வந்ததும் வேலையைத் தொடங்கினேன். சுற்றிலும் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். கையில் ஆங்கிலப் புத்தகம், பக்கத்தில் துளைக்கருவி, எதிரே கைகட்டி நிற்கும் ஜனங்கள். மனிதனுக்கு மதி மயங்க இவை போதாவா? புத்தகத்தின் படங்களை ஒரு பார்வை பார்த்தேன். கட்டியைப் படகின் அமரத்தில், அதாவது பின்பலகையில், அடிவிளிம்பை ஒட்டி வைக்கவேண்டும் என்பது தெரிந்தது. எஞ்சினுக்கு இடப்புறம், விசிறியிலிருந்து ஒரு சாணுக்குள் ஓர் இடம் எனக்கு வசதியாகத் தோன்றியது. அங்கிருந்து கம்பி எளிதாக உள்ளே வரும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. நேரே பின்பலகையில் நான்கு துளைகள் போட்டுத் திருகாணிகளை முறுக்கினேன். குளியலறைக் குழாய்க்குப் பூசுகிற வெள்ளைப் பசை வீட்டில் கிடந்தது. அதைத் துளைகளைச் சுற்றித் தடவினேன். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. கூடியிருந்தவர்கள் தலையசைத்தார்கள். அண்ணன் மட்டும் குனிந்து படகின் அடிப்புறத்தைத் தடவிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நிமிர்ந்தார்.

மறுநாள் விடியற்காலை கடலில் இறங்கினோம். படகு நிற்கையில் திரையில் ஆழம் தெளிவாகத் தெரிந்தது. நான் அண்ணனைப் பெருமையோடு பார்த்தேன். எஞ்சினை முடுக்கினார். படகு ஓடத் தொடங்கியதும் திரையில் புள்ளிகள் மழைபோலப் பெய்தன. கடலடிக் கோடு அறுந்தது. ஆழத்தைக் காட்டும் எண் கண் சிமிட்டிவிட்டு மறைந்தது. எஞ்சினை நிறுத்தினால் கோடு திரும்பி வரும், ஓட்டினால் போய்விடும். அன்று முழுவதும் இதே கதை. திரையை நம்பி ஓரிடத்தில் வலை போட்டதில், வலை பாரில் மாட்டி மூன்று பாகம் கிழிந்தது. அண்ணன் மௌனமாகக் கிழிந்த வலையை ஏற்றினார்.

செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை காலை நான் ஒரு முடிவுக்கு வந்தேன்: கருவி பழுது. பார்சல் ஆபீஸில் பதினொரு வருஷம் இருந்தவனுக்கு வேறு என்ன தோன்றும்? ஒரு தாளை எடுத்து, விற்றவருக்கு முறையாகக் கடிதம் எழுதத் தொடங்கினேன். வாங்கிய தேதி, ரசீது எண், குறைபாட்டின் விவரம், மாற்றித் தரவேண்டிய கெடு எல்லாம் வரிசையாக அமைந்தன. எழுதியதை அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் மெதுவாகச் சொன்னார்:

"தம்பி, கோபித்துக்கொள்ளாதே. கருவியில் ஒன்றும் குற்றம் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. நீ அதன் காதில் நுரையை அடைத்து வைத்திருக்கிறாய்."

"முதல் நாளே ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"நீ படித்தவன். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்" என்றார்.

அந்தச் சொல் என்னைச் சுட்டது. ஏனென்றால் புத்தகத்தில் அப்படி இல்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, முதன்முறையாக அதை வரிவரியாகப் படித்தேன். 'டர்புலன்ஸ்' என்ற சொல் ஒரே பக்கத்தில் நான்கு இடங்களில் வந்திருந்தது. ரெயிலிலேயே அச்சொல்லைக் கண்டேன். பொருள் தெரியவில்லை. தெரியவில்லை என்று எனக்கு நானே ஒப்புக்கொள்ளவும் மனமில்லாமல் தாண்டிப் போனேன். தொலைபேசியிலாவது பார்த்திருக்கலாம், அதையும் செய்யவில்லை. இப்போது பார்த்தேன். நீரின் கொந்தளிப்பு, கலக்கம் என்று பொருள். கலக்கம் உள்ள இடத்தில் கட்டியை வைக்காதே, வைக்காதே என்று நான்கு தடவை எச்சரித்திருக்கிறார்கள். அண்ணன் அந்தச் சொல்லை அறியார். ஆனால் பொருளைக் கையால் தடவியே அறிந்திருந்தார். என் படகின் அடியில் முன்னிருந்து பின்வரை வரிமேடு ஒன்று ஓடுகிறது. அதற்கு நேர் பின்னால் நான் கட்டியை வைத்திருந்தேன். ஓடும்போது அந்த மேடு நீரைக் கிழித்துக் காற்றுக் குமிழிகளை உண்டாக்கும். போதாதென்று விசிறியின் நுரையும் அருகிலேயே சேர்ந்துகொண்டது.

காற்றுக் குமிழி அவ்வளவு பெரிய பகையா என்று அன்பர்கள் கேட்கலாம். நீரில் செல்லும் ஒலி, காற்றைச் சந்தித்த இடத்தில் ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடுகிறது. கட்டியின் முகத்தில் மெல்லிய நுரைப்படலம் இருந்தாலும் ஒலி கீழே இறங்காது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. திரையில் மீன் தெரிவதும் காற்றினால்தான். பெரும்பாலான மீன்களின் வயிற்றில் காற்றுப்பை இருக்கிறது. ஒலி முக்கியமாக அதில் பட்டே திரும்புகிறது. அந்தப் பை இல்லாத சுறாவும் திருக்கையும் மங்கலாகவே தெரியும். அப்பா துடுப்பில் கேட்டாரே கத்தாழையின் சத்தம், அந்த மீன் அதை எழுப்புவதும் அதே காற்றுப்பையைக் கொண்டுதான். ஆக, மீனின் காற்று மீனைக் காட்டிக்கொடுக்கிறது. நாம் கிளப்பும் காற்று அதை மறைத்துவிடுகிறது.

தவறு அத்தோடு நிற்கவில்லை. அன்று மாலை படகை மணலில் ஏற்றியதும் அண்ணன் பின்பலகையை விரல்முட்டியால் தட்டிக்கொண்டே வந்தார். நான் துளையிட்ட இடத்தருகே சத்தம் மாறியது. ஒரு திருகாணியைக் கழற்றினார். துளையிலிருந்து பழுப்பு நிறத் தண்ணீர் சொட்டியது. பைபர் படகின் பின்பலகை முழுவதும் பைபர் அன்று. எஞ்சினின் பாரத்தைத் தாங்குவதற்காக நடுவில் பிளைவுட் வைத்து இருபுறமும் பைபர் ஏற்றியிருப்பார்கள். அந்தப் பிளைவுட்டுக்குள் கடல்நீர் புகுந்தால் மெல்ல மெல்ல உளுத்துப்போகும். ஒருநாள் நடுக்கடலில் எஞ்சின் பலகையோடு பெயர்ந்து வரும். குளியலறைப் பசை அங்கே காப்பாற்றவில்லை. ஐந்து வயிறுகளை நம்பவைத்திருக்கும் பலகையில் நான்கு ஓட்டை போட்டவன் நான். அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. மதினி ஒரு வார்த்தையும் கடிந்து சொல்லவில்லை. வெறுமையாக இருந்த அவரது கழுத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

வியாழனன்று பைபர் வேலை தெரிந்த ஒருவர் வந்தார். துளைகளைச் சற்று அகலப்படுத்தி, வெயிலில் முழுதும் உலரவிட்டு, மறுநாள் பிசினும் கண்ணாடி நாரும் வைத்து அடைத்தார். "மூன்று நாளில் பார்த்தீர்கள், பிழைத்தது. மூன்று மாதம் ஆகியிருந்தால் பலகையையே மாற்ற வேண்டும்" என்றார். கூலியை நான் கொடுத்தேன். அண்ணன் தடுத்தார், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் கேட்கவில்லை.

பிறகு இருவருமாகச் சேர்ந்து தொடங்கினோம். நான் ஒரு வரி படிப்பேன், தமிழில் சொல்வேன். அண்ணன் அதைப் படகில் பார்ப்பார். முதல் வரி: படகு ஓடும்போது பின்னால் நீர் எங்கே கலங்காமல் வழிகிறது என்று பார். படகை ஓட்டச் சொல்லி நான் பின்னால் குப்புறப் படுத்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே வெள்ளையாகத் தெரிந்தது. இடத்தை மாற்றிக்கொண்டோம். நான் எஞ்சினைப் பிடித்தேன், அண்ணன் படுத்தார். இரண்டு நிமிஷத்தில் கையை நீட்டினார். "வலப்புறம், மேட்டுக்கும் ஓரத்துக்கும் நடுவே ஒரு சாண் அகலத்துக்குத் தண்ணீர் கண்ணாடியாகப் போகிறது" என்றார். அடுத்த வரியைப் படித்தேன்: விசிறி வலஞ்சுழியாகச் சுற்றுமானால் வலப்புறமே ஏற்றது, ஏனெனில் அந்தப் பக்கத்தில் இலைகள் கீழ்நோக்கி இறங்குகின்றன; விசிறியிலிருந்து குறைந்தது 15 அங்குலமாவது தள்ளியிருக்க வேண்டும். அளந்தோம். அண்ணன் காட்டிய இடம் 19 அங்குலம் தள்ளி இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். ஐந்து நாளைக்குப் பிறகு வந்த முதல் சிரிப்பு அது.

இன்னொரு முறை படகில் கண்டபடி துளை போடக்கூடாது. கட்டியை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தே சரியான இடத்தைக் காணவேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் புதுத் துளை என்றால் படகு சல்லடையாகிவிடும். ஆகவே பின்பலகையில் ஒரு மாற்றுப்பலகையை நிலையாகப் பொருத்திவிட்டு, மற்றத் துளைகளையெல்லாம் அதில் போடுவதே வழி. மரம் நீரில் ஊறும். நாங்கள் யோசித்துக்கொண்டிருக்கையில் மதினி உள்ளே போய், காய்கறி நறுக்கும் தடித்த வெள்ளைப் பிளாஸ்டிக் பலகையைக் கொண்டுவந்து, "இது ஆகுமா?" என்று கேட்டார். அதைவிடப் பொருத்தமானது வேறு கிடைத்திராது. நீரில் ஊறாது, உளுக்காது, திருகாணியை இறுகப் பிடிக்கும். தூத்துக்குடிக்குப் போய்ப் படகுக்கென்றே உள்ள அடைப்புப் பசையும் துருப்பிடிக்காத ஆணிகளும் வாங்கி வந்தேன். நீர்மட்டத்துக்கு மேலே இரண்டே துளைகள். பைபரின் மேல்பூச்சு தெறிக்காமலிருக்க ஒட்டுத்தாள் ஒட்டி, சிறு துளையில் தொடங்கிப் பெரிதாக்கி, துளைக்குள் பசையை நிறைத்து ஆணியை முறுக்கினோம். பலகையின் கீழ்ப்பாதி நீருக்குள் இறங்கியிருக்க, கட்டியை அதில் மாட்டினோம்.

கட்டியின் முகம் படகின் அடியைவிடச் சுமார் 3 மில்லிமீட்டர் கீழே இருக்கவேண்டும் என்றது புத்தகம். மேலே ஏறினால் நுரை பிடிக்கும்; அதிகம் இறங்கினால் அதுவே நீரைக் கிழித்து நுரையைக் கிளப்பும். முகம் நீர்மட்டத்துக்கு இணையாக இருக்கவேண்டும். சாய்ந்தால் ஒலியும் சாய்ந்து போய் எதிரொலி மங்கும். கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கிச் சரிபார்த்தோம். மிஞ்சிய கம்பியை வெட்டலாகாது. சுருட்டிக் கட்டி வைத்தோம். எஞ்சினின் மின்கம்பிகளோடு சேர்த்துக் கட்டாமல் எதிர்ப்புறமாகக் கொண்டுவந்தோம். சேர்த்துக் கட்டினால் எஞ்சினின் தீப்பொறி ஒவ்வொன்றும் திரையில் கோடு கிழிக்கும். கருவிக்கென்று தனியே 12 வோல்ட் பாட்டரி. இடையில் ஒரு பியூஸ்.

புத்தகம் சொல்லாத ஒன்றை அண்ணன் சொன்னார். எங்கள் ஊரில் துறைமுகம் இல்லை. தினமும் படகை மணலில் இழுத்து ஏற்றவேண்டும். அடிக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் கட்டி முதல் நாளே முறிந்துபோகும். அதன் தாங்கி ஏதேனும் மோதினால் மேலே மடங்கும்படி அமைந்திருந்தது. அதில் ஒரு கயிற்றைக் கட்டி, கரை நெருங்கும்போது இழுத்தால் கட்டி மேலே மடங்கி நிற்கும்படி அண்ணன் செய்தார். நான் அந்த மடக்கைக் கவனிக்கவே இல்லை.

அடுத்த புதன்கிழமை வெள்ளோட்டம். மெதுவாக ஓட்டினார், கோடு நின்றது. வேகத்தைக் கூட்டினார், சிறிது நடுங்கியது. கட்டியை ஒரு நூலளவு இறக்கினோம். முழு வேகத்தில் ஓட்டியும் கடலடிக் கோடு அறாமல் வந்தது. நான் கைதட்டப் போனேன். அண்ணன் எஞ்சினை நிறுத்திவிட்டு, இருக்கைக்கு அடியிலிருந்து அப்பாவின் ஈயக்குண்டை எடுத்தார். கயிறு இறங்கியது. கைவிரித்து அளந்தார். "பதினொரு பாகம்" என்றார். நான் கணக்கிட்டேன்: 66 அடி, 20.1 மீட்டர். திரையில் 19.8 என்று இருந்தது. என் முகம் வாடிவிட்டது. மறுபடியும் தவறா?

அண்ணன் சிரித்தார். "குண்டு தண்ணீரின் மேல்மட்டத்திலிருந்து அளக்கிறது. உன் காது தண்ணீருக்குள் ஓர் அடி கீழே இருக்கிறதே, அதைக் கூட்டிப் பார்" என்றார்.

ஓர் அடி 0.3 மீட்டர். 19.8-உம் 0.3-உம் 20.1. பென்சிலைக் கையில் வைத்திருந்த நான் யோசிக்காததை, ஏழாம் வகுப்போடு நின்றவர் யோசித்துவிட்டார். கட்டியின் ஆழத்தைக் கருவியிலேயே சேர்த்துக்கொள்ள வழி இருக்கிறதென்று புத்தகத்தின் பின்பக்கத்தில் கண்டேன். அன்றிலிருந்து குண்டும் திரையும் ஒரே பேச்சுப் பேசின.

அன்று பாரின் விளிம்பைத் திரையில் பார்த்துக்கொண்டே போனோம். தட்டையாக வந்த கோடு சட்டென்று மேடாகி எழுந்தது. அதன்மேல் வளைந்த பிறைகளாக மீன்கள். மீன் பிறைபோலத் தெரிவானேன் என்று அண்ணன் கேட்டார். ஒலி கீழே போகப் போகக் கூம்புபோல விரிகிறது. கூம்பின் ஓரத்தில் மீன் நுழையும்போது தூரம் அதிகம், நேர்கீழே வரும்போது குறைவு, வெளியேறும்போது மீண்டும் அதிகம். அந்த ஏற்ற இறக்கமே பிறையாகத் தெரிகிறது என்றேன். இம்முறை படித்துப் புரிந்துகொண்டு சொன்னேன். அண்ணன் பாரைத் தொடாமல் விளிம்போடு வலையை விட்டார். கிடைத்த மீன் பெரிதும் இல்லை, சிறிதும் இல்லை. ஆனால் வலை கிழியவில்லை. அவருக்கு அதுவே பெரிது. வலை ஒரு தடவை பாரில் மாட்டினால் ஒரு வாரச் சம்பாத்தியம் போய்விடும் என்றார்.

விடுமுறை முடிந்து திரும்பிவிட்டேன். வாரம் ஒருமுறை தொலைபேசியில் பேசுகிறோம். கட்டியின் முகத்தில் பாசி படிந்தால் மென்மையான துணியும் சோப்பும் கொண்டு துடைக்கும்படி நினைவூட்டுகிறேன். வலை கிழியாத வாரங்களை அவர் எண்ணிச் சொல்கிறார். சென்ற வாரம் மதினி பேசினார். சங்கிலியில் பாதிக் கடன் அடைந்துவிட்டதாம்.

நாம் தூரதேசத்தில் உத்தியோகம் பார்க்கிறோம். ஊரிலிருப்பவர்கள் காகிதங்களையும் கருவிகளையும் நமக்காக எடுத்து வைத்துக் காத்திருக்கிறார்கள். நாம் போய் நின்றதும் அவர்கள் தம் வாயை மூடிக்கொள்கிறார்கள்; படித்தவன் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறார்கள். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நான் படகில் ஓட்டை போட்டேன். கைகட்டி நிற்பவரிடம், "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று முதல் நாளே ஒரு கேள்வி கேட்டிருந்தால், வலையும் பலகையும் நான்கு நாளும் மிஞ்சியிருக்கும். இதைப் படிக்கும் அன்பர்களில் ஊரில் அண்ணனோ அக்காளோ உள்ளவர்கள், அடுத்த முறை போகும்போது என்னைப் போல் அல்லாமல் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டுமென்பதே என் விண்ணப்பம்.

ஈயக்குண்டு இப்போதும் படகில்தான் இருக்கிறது. கருவி வந்த பிறகு அது எதற்கு என்று கேட்டேன். "பாட்டரி தீர்ந்தால் யாரைக் கேட்பது?" என்றார் அண்ணன். இந்தச் சித்திரையில் மகனை அழைத்துப் போகிறேன். பெரியப்பாவின் கடல் அம்பாசரியைவிடப் பெரிதா என்பதை அவனே பார்த்துக்கொள்ளட்டும்.